எந்த நாளில் எடுத்த இரத்தம்?

தாதியப் பயிற்சியில் இருக்கும் உங்களோடு பேச வரும்படி கேட்டபோதே எனக்குத் தெரியும், பெரிய சம்பவம் ஒன்றைத்தான் எதிர்பார்ப்பீர்கள் என்று. சண்டைக் காலத்து வார்ட்டைப் பற்றி, கடல் ஊருக்குள் வந்த நாளைப் பற்றி. அவற்றை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் திருகோணமலையில் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது ஒரு மில்லிலீற்றர் எண்ணெயைப் பற்றி. முப்பத்தொரு வருடம் தாதியாக வேலை செய்தேன். ஓய்வு பெற்று லிங்கநகர் வீட்டில் இருக்கும் இந்த இரண்டு வருடத்திலும், நினைக்கும்போதெல்லாம் என்னை வாயடைக்க வைப்பது அந்த ஒரு மில்லிலீற்றர்தான். அதில் என் பிழையும் இருக்கிறது. அதனால்தான் சொல்ல வந்தேன்.

குணசீலன் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுபவர். உப்புவெளிக்காரர், அப்போது நாற்பத்திரண்டு வயது. கப்பலில் வரும் சீமெந்து மூட்டைகளைக் கட்டுக்கட்டாகத் தூக்கி, இறங்குதுறையில் நிற்கும் லொறிகளில் இறக்குவது அவர் வேலை. உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக இருப்பார். கீழே மனிதர்கள் நடமாடுவார்கள்.

அவருக்கு மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பியில் ஒரு கட்டி வந்தது. கொழும்பில் சத்திரசிகிச்சை செய்து எடுத்தார்கள். கட்டியோடு அந்தச் சுரப்பி செய்துவந்த வேலையும் போய்விட்டது. மற்ற ஹோர்மோன்களுக்கு விழுங்கக் குளிசை கொடுத்தார்கள். ஆண் உடலுக்கு வேண்டிய டெஸ்டோஸ்டிரோனை மட்டும் ஊசியாகப் போடச் சொல்லி எங்கள் திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எண்ணெயில் கரைத்த மருந்து, சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஒரு மில்லிலீற்றர். மூன்று கிழமைக்கு, அதாவது இருபத்தொரு நாளுக்கு, ஒருமுறை இடுப்புத் தசையில் ஆழமாக, மெதுவாகப் போடவேண்டும்.

முதல்நாள் வந்தபோது அவரை மனைவி றெஜினா கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். முகத்தில் மயிர் இல்லை. குரல் மெலிந்திருந்தது. கதிரையில் இருந்தவர், நான் பெயரைக் கூப்பிட்டும் எழும்பவில்லை. மூன்றாவது ஊசிக்கு வந்தபோது தாடையில் மயிர் முளைத்துக் கறுப்புப் படர்ந்திருந்தது. உப்புவெளியிலிருந்து சைக்கிளில் தனியாக வந்திருந்தார்.

"மிஸ்ஸி, வேலையில நான் இதை விற்றமின் ஊசி எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன். ஆரும் கேட்டா நீங்களும் அப்பிடியே சொல்லுங்கோ" என்றார்.

"ஆரும் கேக்கமாட்டினம். கேட்டாலும் நான் ஒண்டும் சொல்லமாட்டன்" என்றேன்.

சிரித்தார். அந்த முகத்தில் நான் கண்ட முதல் சிரிப்பு அது. அடுத்த மாதமே கூண்டுக்குள் ஏறிவிட்டார். எனக்கு அப்போதே பிரமிப்புத்தான். ஆனால் அது பாதிக் கதை என்று எனக்குத் தெரியவில்லை.

இனி என் பிழையைச் சொல்கிறேன். எங்கள் ஊசி அறை செவ்வாய்க்கிழமை. ஹோர்மோன் கிளினிக் வியாழக்கிழமை, மாதத்தில் ஒருநாள். துறைமுகத்தில் வெவ்வேறு கிழமைகளில் லீவு எடுப்பது குணசீலனுக்குக் கஷ்டம். அதனால், கிளினிக்குக்கு வரவேண்டிய மாதங்களில் செவ்வாய் ஊசி, வியாழன் இரத்தம் என்று ஒரே கிழமைக்குள் வரும்படி நானே ஒழுங்கு செய்தேன். அவருக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். இரத்தம் எடுத்து, படிவத்தில் பெயர், வயது, வார்ட் எல்லாம் எழுதி அனுப்புவேன். கடைசி ஊசி எந்த நாள் என்பதை எழுதியதில்லை. படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. எனக்கும் தோன்றவில்லை.

இரத்தம் கொழும்புக்குப் போய் முடிவு வந்தது. அளவு மேல் எல்லையைத் தாண்டியிருந்தது. அப்போது எங்களுக்குப் பொறுப்பாக இருந்த வைத்திய நிபுணர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். வேகமானவர், வாய் கொஞ்சம் கடுமை. முடிவைப் பார்த்தார், "கூடிப்போச்சு. நாலு கிழமைக்கு ஒருக்காப் போடுங்கோ" என்று எழுதினார். சில மாதம் கழித்து மறுபடி இரத்தம் எடுத்தோம். மறுபடியும் செவ்வாய் ஊசி, வியாழன் இரத்தம். அளவு இன்னும் அங்கேதான் நின்றது. "ஐஞ்சு கிழமையாக்குங்கோ" என்றார்.

நான் ஆக்கினேன். மூன்று நான்காகி, நான்கு ஐந்தானது. எவருமே தப்பான மருந்து கொடுக்கவில்லை, தப்பான அளவு போடவில்லை. எல்லாம் எழுதியபடியே நடந்தது.

அந்த ஐந்தாம் கிழமையில் ஒரு காலை. கப்பலிலிருந்து ஒரு கட்டு மூட்டை தூக்கப்பட்டு, லொறிகளுக்கு மேலே வந்து அந்தரத்தில் நின்றுவிட்டது. கீழே நின்றவர்கள் கையைக் காட்டினார்கள், கூப்பிட்டார்கள். அசைவில்லை. ஏழெட்டு நிமிடம் கழித்துக் குணசீலன், மூட்டைக் கட்டு அந்தரத்திலேயே நிற்கும்படி பிரேக்கைப் போட்டுவிட்டு, ஏணியால் இறங்கி வந்தார். நிலத்தில் இருந்துகொண்டு அழத் தொடங்கினார். வேறொரு ஆள் ஏறித்தான் அதை இறக்கினார். ஒருவருக்கும் காயமில்லை. குடித்திருக்கிறார் என்று சிலர் சொன்னார்கள், விசர், புத்தி பிசகிவிட்டது என்று சிலர். ஒரு கிழமைக்குள் வைத்தியக் கடிதம் வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை என்று மேலிடம் சொல்லிவிட்டது.

அடுத்த வியாழன் கிளினிக்கில் எண்பது பேராவது இருந்திருப்பார்கள். கதவுக்கு வெளியே தள்ளுமுள்ளு. குணசீலன் வைத்தியருக்கு முன்னால் தலைகுனிந்து இருந்தார். றெஜினா பின்னால் நின்றார். வைத்தியர் பழைய முடிவுகளைப் புரட்டினார்.

"ஹோர்மோன் குறைவில்லை. கூடத்தான் இருக்கு. அப்ப இது வேற பிரச்சினை. மனநலப் பிரிவுக்குக் கடிதம் தாறன். பாரந்தூக்கி வேலைக்கு இவர் தகுதியில்லை எண்டும் எழுதுறன், ஒருத்தரின்ர உயிரும் போகக்கூடாது."

அவர் பேனா கடிதத் தாளில் இருந்தது. அந்த நேரத்தில்தான், எனக்குள் அந்த இரண்டு நாள்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. செவ்வாய், வியாழன். செவ்வாய், வியாழன். உண்மையைச் சொல்கிறேன் பிள்ளைகளே, பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். எண்பது பேர் காத்திருக்கிறார்கள். நான் நினைப்பது சரியென்றும் நிச்சயமில்லை. சரியாக இருந்தால் பிழை என்னுடையது.

"டொக்டர், ஒரு நிமிசம்" என்றேன்.

"என்ன சிஸ்டர், சனம் நிக்குது."

"அந்த ரெண்டு இரத்தமும் ஊசி போட்டு ரெண்டாம் நாள் எடுத்தது. நான்தான் அப்பிடி ஒழுங்கு செய்தனான். படிவத்தில நாளைப் போடேல்லை. ஊசிக்கு முந்தின நாள் இவருக்கு எவ்வளவு இருக்குதெண்டு எங்களுக்கு ஒருநாளும் தெரியாது."

ஏச்சு விழும் என்று நின்றேன். அவர் பேனாவை மூடினார். முடிவுத் தாள்களைத் திரும்ப எடுத்து, திகதிகளைப் பார்த்தார். ஊசிப் புத்தகத்தைக் கேட்டார். ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

"உச்சியில நிண்டு அளந்திருக்கிறம்" என்றார் மெதுவாக. "அளந்துபோட்டு, ஊசியைத் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கிறன்."

அப்போது றெஜினா வாய் திறந்தார். அவர் உப்புவெளியில் ஒரு முன்பள்ளியில் ஆசிரியை. அதுவரை கிளினிக்கில் அவர் ஒரு வார்த்தையும் கதைத்ததில்லை.

"டொக்டர், இது உதவுமோ தெரியாது. நான் குறிச்சு வைச்சனான்."

கைப்பையிலிருந்து மடித்த கலண்டர் தாள்களை எடுத்தார். ஒன்பது மாதத் தாள்கள். பிள்ளைகளின் கலர்ப் பென்சிலால் நாள்களுக்குப் பக்கத்தில் புள்ளிகள் போட்டிருந்தார். சில நாள் சிவப்பு, சில நாள் நீலம், சில நாள் வெறுமை.

"சிவப்பு எண்டா, வீட்டில ஒருத்தரும் வாய் திறக்கேலாத நாள். நித்திரை கொள்ளமாட்டார், தலையிடி எண்டுவார், முகம் சிவந்து இருக்கும், சின்ன விசயத்துக்கும் சத்தம். நீலம் எண்டா கதிரையை விட்டு எழும்பமாட்டார், சாப்பாடும் வேண்டாம், கதையும் இல்லை. ஒண்டும் போடாத நாள் என்ர மனுசன் நல்லா இருந்த நாள்."

"ஏன் குறிச்சனீங்கள்?" என்று வைத்தியர் கேட்டார்.

றெஜினா புருசனைப் பார்க்கவில்லை. "பிள்ளையள் அப்பாட்ட ஏதும் கேக்கிறதெண்டா எண்டைக்குக் கேக்கலாம் எண்டு பாக்கத்தான்."

குணசீலன் அந்தத் தாள்களை அப்போதுதான் முதன்முறை பார்க்கிறார். கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். "நான் இப்பிடியா இருந்தனான்?" என்றார்.

வைத்தியர் ஊசிப் புத்தகத்தைப் பார்த்து, கலண்டரில் ஊசி போட்ட நாள்களைப் பேனாவால் வட்டமிட்டார். முதலாவது வட்டத்துக்கு அடுத்தநாளே சிவப்பு தொடங்கியது. நாலைந்து நாள். பிறகு வெறுமை. பிறகு நீலம், அடுத்த வட்டம்வரை. எல்லா மாதமும் அப்படியே. மூன்று கிழமை இடைவெளியில் நீலம் கொஞ்ச நாள்தான். நான்கு கிழமையில் கூடியது. ஐந்து கிழமையில் தாளில் பாதி நீலம். சிவப்பு மட்டும் ஒருநாள்கூடக் குறையவில்லை.

"சிவப்பைக் குறைக்கிறன் எண்டு நினைச்சு, நீலத்தைக் கூட்டியிருக்கிறன்" என்றார் வைத்தியர். பிறகு குணசீலனிடம் சொன்னார், "உங்களுக்கு விசரில்லை. உடம்பு இந்தச் சாமானை ஒவ்வொரு நாளும் கொஞ்சங் கொஞ்சமாச் செய்யும். நாங்கள் கனநாளுக்கு வேண்டியதை ஒரேயடியாக் குடுத்திருக்கிறம். அஞ்சு கிழமைச் சோத்தை ஒரே நாளில தின்னக் குடுத்துப்போட்டு, பிறகு பட்டினி போட்ட மாதிரி. ஆனா இது என்ர யோசனை மட்டும்தான். அளந்து பாக்காமச் சொல்லக்கூடாது. ஒருக்கா அப்பிடிச் சொல்லித்தான் இவ்வளவும் நடந்தது."

துறைமுகத்துக்கு அவர் எழுதிய கடிதத்தை நான்தான் உறையில் போட்டேன். இவர் சிகிச்சையில் இருக்கிறார், சிகிச்சையின் அளவு சரிசெய்யப்படுகிறது, அதுவரை தரையில் செய்யும் வேலை கொடுங்கள், முடிவை நானே எழுதுவேன் என்று கையொப்பமிட்டிருந்தார். தகுதியில்லை என்று எழுதுவதுதான் வைத்தியருக்குப் பாதுகாப்பு. அவர் அதை எழுதவில்லை.

பிறகு அளந்தோம். மூன்று கிழமை இடைவெளிக்குத் திரும்பி, ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் இடையில் நான்கு முறை இரத்தம். இரண்டாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள், இருபத்தோராம் நாள் அடுத்த ஊசிக்கு முன். எல்லாம் காலையில் ஒரே நேரத்தில், நாள்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்க. இம்முறை ஒவ்வொரு படிவத்தின் மேலும் சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதினேன், ஊசி போட்டு எத்தனையாம் நாள் என்று.

மூன்று முறை குணசீலன் சைக்கிளில் வந்தார். நான்காம் முறை வரவில்லை. எட்டு மணி, எட்டரை. றெஜினாவின் போனுக்கு எடுத்தால், அவர் முன்பள்ளியில் இருந்தார். "காலமை எழும்பேல்லை மிஸ்ஸி. நான் சொல்லியும் கேக்கேல்லை" என்றார்.

வீட்டுக்குப் போய் இரத்தம் எடுப்பது எங்கள் வழக்கமில்லை. வைத்தியரிடம் கேட்டேன். "ஓம், போங்கோ" என்றார். பெட்டியை எடுத்துக்கொண்டு ஓட்டோவில் உப்புவெளிக்குப் போனேன்.

கதவு திறந்திருந்தது. குணசீலன் சுவரைப் பார்த்தபடி கதிரையில் இருந்தார். உடுத்திருந்த சாரத்தை மடியில் சுருட்டிப் பிடித்திருந்தார். நான் வந்ததற்குத் திரும்பவுமில்லை.

"வேண்டாம் மிஸ்ஸி. இண்டைக்கு ஏலாது. ஊசியைப் போட்டுவிடுங்கோ, ரெண்டு நாளில நல்லா வந்திடுவன். அப்ப எடுங்கோ."

"நல்லா இருக்கிற உங்கட இரத்தம் எங்களிட்டக் கனக்க இருக்கு. அதை வைச்சுத்தான் நாங்கள் பிழைவிட்டனாங்கள். இண்டைக்கு இப்பிடி இருக்கிற உங்களைத்தான் டொக்டர் பாக்கவேணும்."

அவர் சுவரைப் பார்த்தபடியே கையை நீட்டினார். அந்தக் கையைத் தொட்டபோது, முதல்நாள் கிளினிக்குக்கு மனைவி பிடித்துக் கூட்டிவந்த கை இதேதான் என்று தோன்றியது. குழாய் நிறைந்தது. சாதாரண இரத்தம், எல்லோருடையதையும் போலத்தான் இருந்தது. ஊசியையும் அங்கேயே போட்டுவிட்டு வந்தேன்.

முடிவுகள் வந்த அன்று கிளினிக் இல்லை. வைத்தியர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். ஒரு வெள்ளைத் தாளில் நான்கு புள்ளிகள் வைத்து, கோட்டால் இணைத்திருந்தார். முதலாவது மேல் எல்லையைத் தாண்டி உயரத்தில். இரண்டாவது இறங்கி உள்ளே. மூன்றாவது கீழ் எல்லைக்கு நெருக்கத்தில். நான்காவது அடியில், சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஊசியே தொடங்காத நாள்களில் இருந்த அளவுக்குப் பக்கத்தில்.

அந்த மூன்று கிழமைக்கும் றெஜினா குறித்திருந்த கலண்டர் தாளை வைத்தியர் அதன் கீழே வைத்தார். கோடு மேலே போன இடத்தில் சிவப்பு. எல்லைக்குள் வந்த இடத்தில் வெறுமை. விழுந்த இடத்தில் நீலம். நாள் பிசகவில்லை.

கொழும்பில் விலையுயர்ந்த இயந்திரம் ஒன்று அளந்ததை, முன்பள்ளி ரீச்சர் ஒருவர் இரண்டு கலர்ப் பென்சிலால் ஏற்கெனவே வரைந்து வைத்திருக்கிறார். இதைவிட எனக்கு அதிசயமாக இருந்தது வேறொன்று. ஒரு மனிதன் பிள்ளையிடம் எப்படிப் பேசுகிறான், கதிரையிலிருந்து எழும்புகிறானா, உயரத்தில் ஏறத் துணிகிறானா, இதெல்லாம் அவனுடைய குணம் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அந்தத் தாளில் அது ஒரு துளி எண்ணெய் தசையிலிருந்து கரைந்து முடிகிற வேகமாக இருந்தது. முப்பது வருடமாக எத்தனை ஆயிரம் ஊசி போட்டிருப்பேன். அன்றைக்குத்தான் என் கையைப் பார்த்துப் பயந்தேன்.

வைத்தியர் எடுத்த முடிவு எளிமையானது. மொத்த மருந்தைக் கூட்டவேண்டாம், பகிர்ந்து போடுவோம். ஒரு மில்லிலீற்றருக்குப் பதிலாக அரை, மூன்று கிழமைக்குப் பதிலாகப் பத்து நாளுக்கு ஒருமுறை. செவ்வாய் அல்லாத நாள்களில் அவருக்காக ஊசி அறையை நான் தனியாகத் திறப்பது என்று முடிவானது. ஆனால் உடைத்த குப்பியை வைத்திருக்க முடியாது, மிச்ச அரைவாசியை எறியவேண்டும். மருந்துத் தட்டுப்பாடான காலம் அது. எங்கள் மருந்தாளர் அம்மா கண்டிப்பானவர்.

"நல்ல மருந்தை எறியச் சொல்லுறீங்களோ சிஸ்டர்? இதுக்காகச் சனம் அலையுது."

அவர் சொன்னதில் பிழையில்லை. நான் இரண்டு தாளையும் கொண்டுபோய் அவர் மேசையில் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். நீலப் புள்ளிகளின் மேல் விரலை ஓடவிட்டார். "இந்த மனுசன்ர பிள்ளையளுக்கு எத்தினை வயசு?" என்று மட்டும் கேட்டார். ஒன்பதும் பன்னிரண்டும் என்றேன். குப்பிகளை எடுத்துத் தந்தார்.

எல்லோருக்கும் இதுதான் வழி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீண்ட இடைவெளி ஒத்துப்போகிறவர்களும் இருக்கிறார்கள். இடைவெளியைத் தீர்மானிப்பது வைத்தியர், நோயாளியுமல்ல நாங்களுமல்ல. ஆனால் ஊசிக்கும் இரத்தத்துக்கும் இடையில் எத்தனை நாள் என்று தெரிந்தவர் அந்தக் கட்டிடத்தில் பெரும்பாலும் நீங்கள் ஒருவர்தான். அதை எழுதுங்கள். கட்டம் இல்லாவிட்டால் ஓரத்தில் எழுதுங்கள். வீட்டில் கூட இருப்பவர் ஏதாவது குறித்துக் கொண்டுவந்தால், எத்தனை பேர் வெளியே நின்றாலும் வாங்கிப் பாருங்கள்.

மூன்று மாதம் கழித்து, ஊசிக்கு முந்தின நாளும் ஊசி போட்ட இரண்டாம் நாளும் இரத்தம் எடுத்தோம். இரண்டும் எல்லைக்குள் இருந்தன, அதிக தூரமில்லாமல். ஹோர்மோன் கூடியதால் தடித்திருந்த இரத்தமும் பழைய நிலைக்கு இறங்கியிருந்தது, தலையிடி போய்விட்டது. துறைமுகத்தில் ஒரு குழு வைத்து அவரைப் பரிசோதித்தார்கள், சோதனைக்குச் சில கட்டுகளைத் தூக்கிக் காட்டச் சொன்னார்களாம். பிறகு கூண்டைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு ஒருநாள் ஊசி அறையில் அவரைச் சரித்துப் படுக்கவைத்து மருந்தை மெதுவாகச் செலுத்திக்கொண்டிருந்தேன். "மிஸ்ஸி, ஒண்டு கேக்கட்டோ?" என்றார்.

"கேளுங்கோ."

"முந்தநாள் ஒருத்தன் தூக்கின கட்டுக்கு நேர கீழ வந்து நிண்டு போன் பாத்துக்கொண்டு நிண்டான். நான் கட்டை ஒதுக்கி இறக்கிப்போட்டு, கீழ வந்து அவனை நல்லா ஏசினன். அவ்வளவு கோவம். அது ஊசி போட்டு எட்டாம் நாள், சிவப்பு நாளில்லை." தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "அது என்ர கோவம்தானே?"

நான் ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தேன்.

"ஓம்," என்றேன். "அது உங்கட கோவம்தான்."

அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.